நிழலும் எடையும்: தஞ்சைப் பெரிய கோயிலின் இயற்பியல்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் நிழல் கதை வந்துவிடும். "அந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது." பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், வீட்டுக்குப் போய் அப்படியே சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டாக, கருவறைக்கு மேல் எழும் அந்த விமானம் நாள்தோறும் முற்றத்தில் நிழலை விரித்துக்கொண்டிருக்கிறது. பார்த்துத் தெரிந்துகொள்ள நேரமும் ஒரு சிறிய கணக்கும் போதும்.

விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அடிப்பகுதி ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர். உச்சியிலிருந்து ஒரு குண்டுநூல் விட்டால் அது அடிச்சதுரத்தின் நடுவில் வந்து நிற்கும். அங்கிருந்து சுவரின் வெளிவிளிம்பு 15 மீட்டர். உச்சியின் நிழல் நடுவிலிருந்து 15 மீட்டருக்கு மேல் போனால் முற்றத்தில் விழும். அதற்குள் நின்றுவிட்டால் விமானத்தின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். 60 மீட்டர் உயரப் பொருளின் நிழல் 15 மீட்டர் நீள வேண்டுமென்றால், சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 14 பாகை சாய்ந்திருக்க வேண்டும்.

தஞ்சாவூர் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் வரும். ஜூன் 21 அன்றுகூட அது வடக்கே 13 பாகைதான் சாய்கிறது. ஆக, மார்ச் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, உச்சிப் பொழுதில் உச்சியின் நிழல் அடிச்சதுரத்தைத் தாண்டுவதே இல்லை. கோடை விடுமுறையில் வந்து, நண்பகல் வெயிலில் உச்சி நிழலைத் தேடியவர்களுக்கு அது அகப்பட்டிருக்காது. அப்போதும் கீழ்ச்சுவரின் நிழல் அடியில் ஒரு பட்டையாகக் கிடக்கும். கதைக்கு வேர் இந்த நண்பகல் காட்சியாக இருந்திருக்கலாம்.

டிசம்பர் 21 நண்பகலில் போய்ப் பாருங்கள். சூரியன் தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். உச்சியின் நிழல் நடுவிலிருந்து 41 மீட்டர் வடக்கே நீண்டு, சுவரைத் தாண்டி 26 மீட்டர் தள்ளி முற்றத்தில் கிடக்கும். டிசம்பர் வரை காத்திருக்க முடியாதென்றால், மார்ச் மாதத்தில் காலை ஒன்பது மணி வாக்கில் போகலாம். அப்போது சூரியன் வானில் பாதி உயரத்தில், 45 பாகையில் இருக்கும். நிழலின் நீளமும் விமானத்தின் உயரமும் ஒன்றாகிவிடும். உச்சியின் நிழல் மேற்கு மதிலை ஒட்டி வந்து நிற்கும்.

நிழலையே விழாமல் செய்துவிட்டான் சோழன் என்று சொல்வது அவனுடைய தச்சர்களுக்குப் புகழ் சேர்ப்பதாகாது. நிழலை அவர்கள் இதைவிட உருப்படியான வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

சங்கு நட்ட இடம்

கோயில் கட்டத் தொடங்கும்போது முதலில் தெரிய வேண்டியது திசை. காந்த ஊசி இல்லாத காலத்தில் அதற்கு ஒரு கோலும் கயிறும் போதுமானவையாக இருந்தன. சமன் செய்த தரையில் சங்கு என்ற கோலைச் செங்குத்தாக நடுவார்கள். அதை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போடுவார்கள். காலையில் நீண்டிருக்கும் நிழலின் நுனி, வெயில் ஏற ஏறச் சுருங்கி வந்து வட்டத்தை ஓரிடத்தில் தொடும். மாலையில் மறுபடி நீண்டு இன்னோரிடத்தில் வட்டத்தைக் கடக்கும். இரு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். நண்பகலுக்கு முன்னும் பின்னும் சூரியனின் பாதை ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதால்தான் இது பலிக்கிறது. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் இம்முறையை விரிவாகச் சொல்கின்றன.

திசை கிடைத்தபின் சதுரம். பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் நிற்கிறது. கேரளாந்தகன் திருவாசலையும் இராஜராஜன் திருவாசலையும் கடந்து உள்ளே வருகிறவருக்கு முழு விமானமும் ஒரே பார்வையில் அடங்குவது இந்த இடைவெளியால்தான். பிற்காலக் கோயில்கள் பலவற்றில் கோபுரம் வானளாவ நிற்கும், கருவறை விமானம் சிறியதாக இருக்கும். இங்கே வாசல்கள் அடக்கமாக நிற்க, விமானம் ஓங்கியிருக்கிறது.

கட்டிய இடமும் கவனிக்க வேண்டியது. காவிரியின் வண்டல் சமவெளி முடிந்து, தென்மேற்கே வல்லம் பக்கத்து மேட்டுநிலம் தொடங்கும் விளிம்பில் தஞ்சாவூர் இருக்கிறது. வயலின் குழைமண்ணில் இத்தனை பெரிய பாரத்தை ஏற்றினால் அது ஒருபக்கம் அழுந்திச் சாய்ந்துவிடும். கெட்டி நிலம் பாரத்தைத் தாங்கியதால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் விமானம் நிமிர்ந்து நிற்கிறது.

கல்லுக்குத் தெரிந்த வேலை

தஞ்சையில் கருங்கல் கிடையாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து 50, 60 கிலோமீட்டர் தூரம் இழுத்து வந்தார்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் 2.7 டன் எடை. செங்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இந்தச் சிரமம் எதற்கு?

கருங்கல் நசுங்காது. பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல மெல்ல ஆறியபோது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்து உண்டான பாறை அது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10,000 டன் பாரத்தை ஏற்றினாலும் நல்ல கருங்கல் தாங்கும். 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல்தூணை நேராக நிறுத்தினால் அதன் அடியில் சதுர மீட்டருக்கு விழும் பாரம் 160 டன்தான். அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தன் எடையாலேயே நொறுங்க வேண்டுமென்றால் அந்தத் தூண் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயர வேண்டும்.

அதே கல்லை இழுத்துப் பாருங்கள். அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசைக்குத் தேறாது. படிகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன. அழுத்தும்போது அவை மூடிக்கொள்ளும், இழுக்கும்போது வாய் பிளக்கும். கல்லுடைக்கிறவர்கள் காலங்காலமாக நம்பியிருப்பதும் இதைத்தான். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஆப்பு இரு பக்கமும் தள்ளத் தள்ள, குழிக்குக் குழி விரிசல் ஓடி, பாறை நேர்கோட்டில் பிளந்துகொள்ளும். நார்த்தாமலை போன்ற இடங்களின் பாறைகளில் இப்படிப்பட்ட குழிவரிசைகளை இன்றும் பார்க்கலாம்.

இந்தப் பலவீனம் மண்டபங்களிலும் தன் அடையாளத்தை விட்டிருக்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கல் உத்தரம் கிடக்கிறது. பாரத்தால் அது இம்மியளவு வளையும். வளையும்போது மேல்முகம் அழுந்தும், அடிமுகம் இழுபடும். அந்த அடிமுகத்தில்தான் ஆபத்து. தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால், அதே தடிமனுள்ள உத்தரத்தின் அடிமுக இழுவிசை நான்கு மடங்காகும். நம் கற்கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கல்லால் பாரம் சுமக்க முடியும், இழுவை தாங்க முடியாது. இந்தக் கோயிலின் முழுக் கட்டுமானமும் அந்த ஒரு வரியிலிருந்து விரிகிறது.

உள்ளே வெறுமை

வெளியிலிருந்து பார்க்கும்போது விமானம் அடியிலிருந்து நுனிவரை கல்லால் நிறைந்த மலையாகத் தோன்றும். அப்படிக் கட்டியிருந்தால், தோராயக் கணக்கில் 70,000 டன்னைத் தாண்டியிருக்கும். கல் அதைப் பொருட்படுத்தாது. கீழே இருக்கும் மண் பொருட்படுத்தும். கெட்டி மண்கூடச் சதுர மீட்டருக்குச் சில பத்து டன்களைத்தான் நம்பித் தாங்கும். எடையைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே விமானத்தின் உள்ளே வெறுமை இருக்கிறது.

கருவறையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெருஞ்சுவர்கள். நடுவே சுற்றுநடை. கீழ்த்தளத்துச் சுற்றுநடையின் சுவர்களில்தான் புகழ்பெற்ற சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டதால் நெடுங்காலம் மறைந்திருந்தன. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை அவை. பூச்சு காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. வண்ணத்துகள்கள் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கின்றன. ஓவியம் சுவரின் மேல் ஒட்டியிராமல் சுவரின் பகுதியாகவே ஆகிவிட்டதால்தான் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது. அந்தச் சுற்றுநடைக்குள் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. ஓவியங்களின் உயிருக்கு அது நல்லது.

இரண்டு தளம் உயர்ந்தபின் இந்த இரு சுவர்களும் ஒன்றாகச் சேர்கின்றன. அதற்கு மேல் கூம்பு நடுவில் வெற்றிடத்தோடு எழும்பி, மேலே போகப் போகக் குறுகி மூடிக்கொள்கிறது. வளைவுக் கட்டுமானம் இல்லை, உத்தரமும் இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்பக்கம் நீட்டி வைப்பதுதான் வழி.

இதை வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான நான்கு புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் புத்தகத்தை அதன் நீளத்தில் பாதி வெளியே தள்ளுங்கள். இரண்டாவதைக் கால் பங்கு, மூன்றாவதை ஆறில் ஒரு பங்கு, அடியில் இருப்பதை எட்டில் ஒரு பங்கு. கூட்டினால் ஒரு புத்தகத்தின் நீளத்தைத் தாண்டிவிடும். மேல் புத்தகம் முழுக்க மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும், பசை இல்லாமலே. விழாததற்குக் காரணம், எந்த மட்டத்திலும் மேலிருக்கும் பாரத்தின் ஈர்ப்பு மையம் கீழே தாங்குகிற விளிம்பைத் தாண்டவில்லை என்பதுதான். தஞ்சையின் தச்சர்கள் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கல்லின் சிறு பகுதியை மட்டும் உள்ளே நீட்டி, மிச்சத்தைச் சுவருக்குள் விட்டு, அதன் முதுகில் மேல்வரிசையின் பாரத்தை ஏற்றினார்கள். நீண்ட முனை கீழே கவிழப் பார்க்கும்போது பின்னால் இருக்கும் எடை அதை அழுத்திப் பிடிக்கிறது.

விமானத்தின் எடையே விமானத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் என்று சொன்னால் மிகையில்லை. கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து இல்லை. முகத்தோடு முகம் பொருந்த இழைத்து வைத்த கற்களை உராய்வு நகரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் சூடேறி இரவில் குளிரும் கல்லுக்கு இந்தச் சாந்தில்லா இணைப்பு நல்லதும்கூட. 30 மீட்டர் கருங்கல் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். ஒரே பாளமாக இருந்தால் எங்காவது வெடித்து வழிதேடும். ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கும்போது ஒவ்வொன்றும் மயிரிழை அளவு விட்டுக்கொடுத்துச் சமாளித்துவிடுகிறது.

உச்சிக் கல்

அடுத்த கதை இன்னும் பெரியது. உச்சியில் இருக்கும் சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் போட்டு அதை ஏற்றினார்கள் என்பார்கள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 6 கிலோமீட்டர் நீளத்தில் 60 மீட்டர் ஏற வேண்டும். வெறும் 10 மீட்டர் அகலத்துக்கு, பக்கச் சரிவே இல்லாமல் செங்குத்தாக மண் கொட்டினால்கூட 18 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். விமானத்தைக் கல்லால் நிறைத்துக் கட்டியிருந்தால்கூட அதன் கன அளவு 30,000 கன மீட்டருக்குள்தான். கோயிலைவிட அறுபது மடங்குக்கு மேல் பெரிய மண்மலையைக் கட்டி, பிறகு அதை அள்ளி எடுத்திருக்க வேண்டும். மண் செங்குத்தாக நிற்காது, இரு பக்கமும் சரியும் என்பதையும் சேர்த்தால் அளவு இன்னும் பல மடங்காகும்.

உராய்வும் குறுக்கே வருகிறது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் 80 டன் கல்லின் எடை பின்னோக்கி இழுப்பது 0.8 டன் அளவுக்குத்தான். சறுக்கு மரத்தில் வைத்து இழுக்கும்போது தரையின் உராய்வு அதைப்போல் பல மடங்கு, 20 டன்னைத் தாண்டக்கூடும். சரிவு ஏற்கெனவே இவ்வளவு மெலிந்திருக்கும்போது தளத்தை மேலும் நீட்டினால் இழுக்கும் விசை பெரிதாகக் குறைவதில்லை. இழுக்க வேண்டிய தூரம்தான் கூடுகிறது.

கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்கள் தரும் விடை எளிமையானது. சிகரம் ஒரே கல் இல்லை. தனித்தனியாகச் செதுக்கிய பல பாளங்களைப் பொருத்தி அமைத்தது. ஒவ்வொன்றும் சில டன். விமானத்தைச் சுற்றியே எழும்பும் சாரத்தாலும் சாய்தளத்தாலும் ஏற்றக்கூடிய எடை. பல துண்டுகளைச் சேர்த்து, கீழேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஒரே கல்லாகத் தெரியும்படி வைத்ததை நான் 80 டன்னை இழுத்ததைவிடப் பெரிய திறமையாகவே மதிக்கிறேன். முரட்டு பலத்தை மட்டும் நம்பிய கை இப்படிச் செய்திருக்காது.

செதுக்காமல் விட்ட கற்கள்

சிற்பங்களைக் கீழே செதுக்கி மேலே ஏற்றினார்களா, ஏற்றிய பிறகு செதுக்கினார்களா? இந்தக் கேள்விக்குக் கோயிலே சாட்சி வைத்திருக்கிறது.

மேல்தளத்துச் சுற்றுநடையின் சுவரில் நாட்டிய கரணங்களைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். பரத சாத்திரம் சொல்லும் கரணங்கள் 108. இங்கே இருப்பவை 81. மிச்சம் 27 கரணங்களுக்கான கற்கள் வரிசையில் தத்தம் இடத்தில் இருக்கின்றன, ஆனால் உளி படாமல் வெறும் கற்களாக. சிற்பத்தை முடித்துத்தான் கல்லைச் சுவரில் வைத்தார்கள் என்றால் இந்த வெறுங்கற்களுக்கு அங்கே இடமில்லை. கற்களை முதலில் அடுக்கி, நின்ற சுவரில் ஏறிச் செதுக்கியிருக்கிறார்கள்.

இதில் பொறியியல் நியாயம் இருக்கிறது. செதுக்கி முடித்த கல்லை இழுத்துவரும்போது மூக்கு உடைந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீண். முரட்டுக் கல்லை அடுக்கும்போது விளிம்பு சிதைந்தாலும் பிறகு இழைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், பல கற்களைக் கடந்து ஓடும் ஒரு கோட்டை, நின்ற சுவரில் ஒரே ஓட்டமாக வெட்டும்போதுதான் அது பிசகாமல் வரும். விமானத்தின் அதிட்டானம் என்ற அடித்தளத்தில், குமுதம் என்று உருண்டு ஓடும் விளிம்பின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஒரு கல் முடிந்து அடுத்த கல் தொடங்கும் இடத்தை வளைவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மெல்லிய செங்குத்துக் கோடுகளைத் தேடித்தான் காண வேண்டும். சாய்ந்த வெயிலில், காலையிலோ மாலையிலோ, அந்தக் கோடுகள் துலங்கும்.

நிறுத்து எழுதிய கோயில்

குனிந்த கண் நிமிர்வதற்குள் எழுத்துகள் தென்படும். அதிட்டானத்தைச் சுற்றிலும் வரிவரியாகக் கல்வெட்டுகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்துப் பதிப்பித்தபோதுதான், இதைக் கட்டியவன் முதலாம் இராஜராஜன் என்பது ஐயமின்றி உறுதிப்பட்டது.

அறிவியல் படிக்கிறவர்கள் இக்கல்வெட்டுகளில் கவனிக்க வேண்டியது அளக்கும் பழக்கம். இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுக்கப்பட்டது, அதன் நிறை 3083 பலம், அதன் மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு, நாள், எடை, அரைக் கழஞ்சு வரை. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஓர் எடைக்கல், மணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்ற பெயரில் இன்னொன்று. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் குறித்தார்கள். நகையைக் கோத்த சரட்டை நீக்கி நிறுத்தார்களா என்பதைக்கூட விடவில்லை. எடையைச் சொல்வது மட்டும் போதாது, எப்படி அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது இன்றைய ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. 1010இல் அது தஞ்சையில் நடைமுறையில் இருந்தது.

அந்தக் கல்வெட்டுகளில் பெருந்தச்சர்களின் பெயர்களும் இருக்கின்றன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன், மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன். அரசன் கொடுத்ததையும் அரசியர் கொடுத்ததையும் எழுதிய அதே கல்லில் தச்சர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நிழல் விழாத மாயம் என்றும் ஒற்றைக்கல் அதிசயம் என்றும் சொல்லும்போது நாம் இழப்பது இவர்களைத்தான். மாயத்துக்குத் தச்சன் தேவையில்லை. சங்கு நட்டுத் திசை கண்டு, கெட்டி நிலம் தேர்ந்து, கல் எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்து, எடையைக் கொண்டே எடையை நிறுத்திவைத்த மனிதர்கள் அவர்கள். தங்கள் அறிவைச் சூத்திரங்களாக எழுதியிருக்க மாட்டார்கள். அதை அடுத்த தலைமுறையின் கைக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

கற்றுக்கொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய விமானம் ஏறக்குறைய இதே அகலமுள்ள சதுரத்தின் மேல் நிற்கிறது. உயரத்தை மட்டும் ஏறத்தாழ 55 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். தஞ்சையின் நேர்ச்சரிவுக்குப் பதிலாக விளிம்பை உட்குழிவாக வளைத்தார்கள். அந்த வளைவு அழகுக்காக மட்டும்தானா, பாரம் இறங்கும் வழியை அது எப்படி மாற்றுகிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம்.